கோப்புக்கு உரியவர் யார்?

பெங்களூரு அடுகோடியில் 1995-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசிய விலங்கு ஊட்டவியல், உடலியங்கியல் நிறுவனம் போன்ற ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பல்லாண்டு அளவீடுகளே பெருஞ்செல்வம். கணிப்பொறியின் இயக்குதளத்தைப் புதுப்பித்தபின் அத்தகைய கோப்புகள் ‘அனுமதி இல்லை’ எனத் திறக்க மறுப்பின், அவை அழிந்தன என்று அஞ்ச வேண்டுவதில்லை.

லினக்ஸ் இயக்குதளம் உரிமையாளரைப் பெயரால் அன்றி எண்ணால் குறித்து வைக்கிறது. ரெட் ஹேட் லினக்ஸில் முதற்பயனரின் எண் முன்பு 500 ஆக இருந்தது. 2014-இல் வெளியான ஏழாம் பதிப்பு முதல் அது 1000 ஆயிற்று. ஆதலின், பழைய வட்டின் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு புதிய பதிப்பை நிறுவினால், அதே பெயரில் பதிவுசெய்பவரும் கணிப்பொறிக்கு அயலாரே ஆவார். பெயர் ஒன்று, எண் வேறு.

முதற்கண் நிர்வாகியின் உரிமையுடன் கோப்புகளுக்குப் படி எடுத்துக்கொள்க. பின்னர் உரிமையாளர் எண்ணைப் பார்த்து, ‘சௌன்’ என்னும் ஆணையால் அதனை மாற்றுக. இதனைத் தம் கோப்புறைக்கு மட்டுமே செய்தல் வேண்டும். இயக்குதளத்தின் கோப்புறைகளைத் தொடலாகாது.

சிலர் அவசரத்தில் 777 என்னும் அனுமதியை இடுவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூடினால் 7. உரியவர், குழுவினர், பிறர் ஆகிய மூவர்க்கும் 7 அளித்தால், அக்கணிப்பொறியைப் பயன்படுத்தும் எவரும் அளவீடுகளைத் திருத்திவிடலாம். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே பெயர்த்தெறிதல் தீர்வாகாது.