முட்டி ஜவ்வு தேய்ஞ்சா மறுபடி வளராதா? வளர்ச்சிக் காரணிகளும் கால்சியமும் செய்யும் வேலை

எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது. தோல் கிழிந்தால் ஆறிவிடுகிறது. ஆனால், ‘முட்டி ஜவ்வு தேய்ஞ்சுபோச்சு’ என்று டாக்டர் சொன்னால் மட்டும் அது திரும்ப வளர்வதில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஏன்?

ஆட்கள் குறைவு, சப்ளையும் குறைவு

பேச்சுவழக்கில் நாம் ஜவ்வு என்று சொல்வது பெரும்பாலும் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பைத்தான். முட்டியில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதைப் பராமரிக்கும் செல்கள் மொத்த கொள்ளளவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் நீர், கொலாஜன் நார், நீரைப் பிடித்துவைக்கும் புரதங்கள். சேதம் வந்தால் ஓடிவந்து சரிசெய்ய ஆளே இல்லாத நிலை.

‘வளரு’ என்று சொல்வது யார்?

இருக்கும் கொஞ்ச செல்களுக்கும் உத்தரவு வேண்டும். அதைக் கொண்டுவருபவை வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்கள். ஐஜிஎஃப்-1, டிஜிஎஃப்-பீட்டா, எஃப்ஜிஎஃப் குடும்பம் ஆகியவை முக்கியமானவை. செல்லின் மேலுள்ள ஏற்பியில் இவை ஒட்டியதும், ‘பெருகு’, ‘கொலாஜன் தயாரி’ என்ற செய்தி உள்ளே போகும்.

அப்படியென்றால் அதிகமாகக் கொடுத்தால் நல்லதா? இல்லை. எஃப்ஜிஎஃப் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் ஒன்று, மரபணு மாற்றத்தால் அளவுக்கு மீறி வேலை செய்தால், குழந்தைகளின் எலும்பு நீளக் காரணமான குருத்தெலும்பு வளர்ச்சியே தடைபடுகிறது. பிறவியிலேயே உயரம் குறையும் ‘அகான்ட்ரோபிளேசியா’வுக்கு இதுதான் காரணம் என்பது 1994-ல் தெரியவந்தது.

கால்சியம் எங்கே வருகிறது?

நாம் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் குருத்தெலும்பு அமுங்கி விரிகிறது. அந்த அழுத்தத்தை உணர்ந்து திறக்கும் கதவுகள் செல்லின் சவ்வில் உள்ளன. அவைதான் கால்சியம் சேனல்கள். கதவு திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. செல் அதையே சிக்னலாக எடுத்துக்கொள்கிறது.

பன்றிக் குருத்தெலும்பு செல்களை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் இரண்டு விஷயங்களைக் காட்டினர். மிதமான அழுத்தத்தில் ‘டிஆர்பிவி4’ சேனல் திறந்தால் செல் கட்டுமான வேலையைக் கூட்டுகிறது; அந்த சேனலை அடைத்தால் அழுத்தம் கொடுத்தும் பலனில்லை. ஆனால், காயம் ஏற்படுத்தும் அளவு பலமான அழுத்தத்தில் ‘பீசோ1’, ‘பீசோ2’ சேனல்கள் திறந்து, கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்து செல் சாகிறது. அளவான அழுத்தம் வளர்க்கும், அடி கெடுக்கும்.

இரண்டு சிக்னலும் தனித்தனி இல்லை. குருத்தெலும்பு அமுங்கும்போது, செல்லைச் சுற்றி ஒட்டியிருக்கும் எஃப்ஜிஎஃப்-2 விடுபட்டு செல்லைத் தொடுகிறது.

கால்சியம் மாத்திரை போட்டால் போதுமா?

போதாது. ரத்தத்தில் கால்சியம் அளவை உடல் கறாராகக் கட்டுப்படுத்துகிறது. இங்கே பிரச்சினை கால்சியம் இருக்கிறதா என்பதல்ல, கதவு எப்போது, எவ்வளவு திறக்கிறது என்பதுதான்.

ஊசி?

எஃப்ஜிஎஃப்-18 வகை மருந்தான ஸ்ப்ரிஃபெர்மின், 549 பேரிடம் நடந்த சோதனையில் (2019-ல் வெளியானது) அதிகபட்ச டோஸில் 2 ஆண்டுகளில் குருத்தெலும்புத் தடிமனில் டம்மி ஊசியைவிடச் சராசரியாக 0.05 மி.மீ. அதிகம் காட்டியது. ஆனால், வலி குறைவதில் டம்மி ஊசி போட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

சொந்த ரத்தத்தின் தட்டணுக்களிலிருந்து வளர்ச்சிக் காரணிகளை எடுத்துப் போடும் ‘பிஆர்பி’ ஊசிக்கு இங்கே நிறைய விளம்பரம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த சோதனையில் (2021-ல் வெளியானது) உப்புநீர் ஊசியைவிட அது வலியிலும் குருத்தெலும்பு அளவிலும் மேலாக இல்லை. காசு கட்டும் முன் இதை டாக்டரிடம் கேட்பது நல்லது.

அப்போ என்ன செய்யலாம்?

‘தேய்ஞ்சிடும்’னு பயந்து நடையை நிறுத்துவதுதான் பெரிய தவறு. தண்டுவடப் பாதிப்பால் கால் அசைவிழந்தவர்களின் முட்டியில் குருத்தெலும்பு மெலிவதை எம்ஆர்ஐ காட்டியிருக்கிறது. தேய்மானம் உள்ளவர்களுக்கும் உடற்பயிற்சி, தொடைத் தசையை வலுவாக்குவது, எடைக் குறைப்பு ஆகியவையே முதல் சிகிச்சை. தேய்ந்த ஜவ்வை அவை திரும்ப வளர்த்துவிடாது. ஆனால் வலியைக் குறைக்கும், மிச்சமிருக்கும் செல்களுக்குத் தேவையான சிக்னலையும் கொடுக்கும்.