கியர் விழலையா பாஸ்?

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டப் பக்கம் பழைய மாருதி 800 விலைக்கு வருதா? 2014-லேயே தயாரிப்பு நின்னாச்சு. கைமாறுற வண்டிதான் கதி! அட்வான்ஸ் நீட்டறதுக்கு முன்னாடி கியரை டெஸ்ட் பண்ணுங்க.

முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணி, கிளட்ச்சை மிதிச்சு எல்லா கியரையும் போடுங்க. அப்போ சுலபமா விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிச்சா, பெரும்பாலும் கிளட்ச் முழுசா விடுபடலைன்னு அர்த்தம். 800-ல கிளட்ச்சை இழுக்கிறது கேபிள்தான். அதைச் சரிபண்ணினாலே சின்னச் செலவோட முடியலாம். ஆஃப்லயும் இறுக்கமா? லிங்கேஜையோ கியர்பாக்ஸையோ சந்தேகப்படுங்க. ஒரே ஒரு கியர் மட்டும் 'கர்ர்'னு கத்துதா? சின்க்ரோனைசர் தேய்ஞ்சிருக்கலாம். பாக்ஸைப் பிரிக்கணும், பர்ஸ் காலி!

ஏத்தத்துல இன்ஜின் மட்டும் அலறி, வேகம் கூடலைன்னா கிளட்ச் பிளேட் வழுக்குது.

கடைசியா, சமதளத்துல ரெண்டாவது கியர்ல போய் ஆக்சிலரேட்டரை விடுங்க. கியர் தானா நியூட்ரலுக்குத் தாவுதா? அந்த வண்டியோட குமுளி மலை இறங்கவே இறங்காதீங்க. இன்ஜின் பிடிச்சு நிறுத்துற பலம் போயிடும். மொத்த பாரமும் பிரேக் தலையில!

விலை பேசப் போறப்போ கூடவே ஒரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. அவருக்குத் தர்ற கூலி வீண் போகாது!