இருபது அங்குலத்துக்குக் கீழே

துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு வருபவரிடம் இந்தியச் சட்டம் பார்க்கும் முதல் வேறுபாடு குழலின் நீளம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில் இரண்டு வழி வைத்திருக்கிறது. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலும் உள்ளே வழவழப்பான துளையும் கொண்ட நீளத் துப்பாக்கியை ஒரு குடிமகன் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதவரை கொடுத்தாக வேண்டும். ரிவால்வரோ பிஸ்டலோ கேட்டால் தலைகீழ்: தக்க காரணம் இருப்பதாக அதிகாரி நம்பினால்தான் லைசென்ஸ். தோளில் தொங்குவதைத் தெருவே பார்க்கும். சட்டைக்குள் இருப்பது அணிந்தவருக்கு மட்டுமே தெரியும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழையதான இந்தப் பாகுபாடு சரியானது என்பதும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் அது இன்று இன்னும் சரியானது என்பதும் என் கருத்து. தற்காப்புக்கு ஒரு சின்னத் துப்பாக்கி இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் மூடர்களோ வன்முறைப் பிரியர்களோ அல்ல. அவர்களுடைய பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு இந்தக் கருவி விடையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியில் தேர்வுக்குப் பெரிய இடம் இல்லை. காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. அதற்கான லைசென்ஸ் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைப் பொதுவிற்பனைக்கு இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனதால், அதற்கு முன் வந்த பழைய பிஸ்டல்கள் கைமாறிக் கைமாறிப் பெரும் விலைக்குப் போகின்றன. மிச்சமிருப்பவற்றில் பெரும்பாலானவை அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரகங்கள். கான்பூரில் செய்த 'நிர்பீக்' ரிவால்வர் 2014இல் பெண்களுக்கென்று சொல்லி வெளிவந்தது. எடை 500 கிராம், அன்றைய விலை 1,22,360 ரூபாய். அதே கான்பூரிலிருந்து 2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. தோட்டா இல்லாமல் 675 கிராம், குழல் 76 மில்லிமீட்டர். இஷாப்பூரில் செய்த 'நிடர்' என்ற .22 ரிவால்வர் 250 கிராம்தான். விளம்பரங்கள் எடைக் குறைவைப் பெருமையாகச் சொல்கின்றன. ஆனால் கைத்துப்பாக்கியைச் சிறிதாக்கும் ஒவ்வொரு மாற்றமும் அதைச் சுடுவதைக் கடினமாக்குகிறது. குழல் குட்டையாகும்போது முன் குறிமுனைக்கும் பின் குறிமுனைக்கும் இடையிலான தூரம் சுருங்கும்; கையின் மெல்லிய நடுக்கம்கூடக் குறியைப் பல மடங்கு விலக்கும். எடை குறையும்போது உதைப்பு கூடும். பிடி சிறிதானால் விரல்களுக்கு இடம் போதாது. ரிவால்வரின் விசையைக் குதிரை பின்னால் இழுபடாத நிலையிலிருந்து அழுத்துவதற்கு நல்ல பலம் வேண்டும். தற்செயலாக வெடிப்பதைத் தடுக்கும் அந்தப் பாதுகாப்பே பயிற்சியில்லாத கையில் குறி தவறுவதற்கும் காரணமாகும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் அடுத்த தோட்டா வரும் என்பது ரிவால்வரின் நல்ல குணம்; பிஸ்டலில் அதையே கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பிஸ்டல் தட்டையாக இருப்பதால் மறைப்பது எளிது. சட்டப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் புதியவருக்கு .32 ரிவால்வரே மேல். அதற்கு மேல் மாடல்களை ஒப்பிட்டு நேரம் செலவிடுவது வீண்.

மறைத்து எடுத்துப்போவது பற்றி நம் விதிகள் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில், முழுக்க மூடியபடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதோ குடியிருப்புப் பகுதியில் சுடுவதோ லைசென்ஸே பறிபோகக் காரணமாகலாம். ஆக, இங்கே மறைப்பது கட்டாயம். சென்னையில் அதை நடைமுறையில் செய்வது எப்படி? ஆண்டில் பெரும்பகுதி வியர்க்கும் ஊரில் பருத்திச் சட்டைக்கு மேல் கோட்டு போடுபவர் அரிது. வேட்டிக்கு உறையைத் தாங்கும் கெட்டியான பெல்ட் கிடையாது. புடவையில் இடுப்பு உறை சாத்தியமே இல்லை. எனவே துப்பாக்கி கைப்பைக்குள் போகும். திருடனின் கை முதலில் போவதும் அங்கேதான். கடற்காற்றும் வியர்வையும் எஃகைத் துருவேற்றும். வாரம் தவறாமல் துடைத்து எண்ணெய் போடாத துப்பாக்கியை நம்ப முடியாது. நீதிமன்றத்துக்குள்ளோ விமானத்துக்குள்ளோ கொண்டுபோக முடியாது. அப்போது கார் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகத் தோன்றும். பறிபோகும் துப்பாக்கிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

இவையெல்லாம் பழக்கத்தால் தாண்டக்கூடிய தொல்லைகள் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தைத் தாண்ட முடியாது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் காவலர்களுக்குப் பயிற்சி தந்த டென்னிஸ் டுயூலர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு நிற்கும் ஒருவர் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும் என்று அதில் காட்டினார். அந்தக் காவலரின் துப்பாக்கி வெளியே தெரியும் உறையில் இருந்தது. கத்தி வருவதும் அவருக்கு முன்பே தெரியும். மாட வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்த இரண்டும் இல்லை. 2025 மார்ச் 25 காலையில் திருவான்மியூர், சைதாப்பேட்டை, கிண்டி சுற்றுவட்டாரத்தில் பைக்கில் வந்த இருவர் சிறிது நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பல பெண்களின் சங்கிலியைப் பறித்தார்கள். பின்னாலிருந்து வந்த வண்டி, கழுத்தில் ஒரு இழுப்பு, அடுத்த விநாடி தெருமுனை. அந்தப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் நிர்பீக் இருந்திருந்தாலும் சங்கிலி போயிருக்கும். ஓடும் வண்டியை நோக்கிச் சுட்டிருந்தால் எதிரே நடந்துவந்த யாரோ விழுந்திருப்பார். பறித்தவர்களைப் பிடித்துத் தந்தவை கண்காணிப்பு கேமராக்களும் விமான நிலையத்தில் காத்திருந்த காவலர்களும்தான்.

திட்டமிட்ட கொலைக்கு எதிராகவும் கைத்துப்பாக்கி என்ன செய்தது என்பதற்கு வேதனையான சான்று 2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில் கிடைத்தது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் தன் வீட்டருகே, உணவு கொண்டுவருபவர்களைப் போல வந்த கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி இருந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஒப்படைத்த அது ஜூன் மாதமே அவரிடம் திரும்பிவிட்டது என்று காவல் ஆணையர் அப்போது விளக்கினார். உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள, அதை அறிந்த, ஆயுதமும் வைத்திருந்த ஒருவரையே அது காப்பாற்றவில்லை. கொல்ல வருபவர் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுக்கிறார். தாக்கப்படுபவருக்கு அந்தத் தேர்வு கிடையாது.

ஒருவேளை எல்லாம் சரியாக நடந்து, துப்பாக்கி கையில் வந்துவிட்டது என்றே வைப்போம். குண்டு எங்கே போகும்? 1982 மே 19 அன்று தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் எதிர்ப்பட்டு ஒருவரையொருவர் நோக்கிச் சுட்டுக்கொண்டார்கள். இரு தரப்பும் ஆயுதப் பயிற்சி எடுத்தவர்கள். இருந்தும் குறிவைக்கப்பட்ட தலைவர் தப்பினார். உடன் வந்தவர்தான் காயமடைந்தார். ஆயுதத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்களின் கை பரபரப்பில் அப்படி இருக்குமானால், ஒருநாள் பயிற்சி வகுப்பு முடித்த கணக்காளரின் கை எப்படி இருக்கும்? தீபாவளி வாரத்து ரங்கநாதன் தெருவில் குறி தவறிய குண்டுக்கு வெறும் சுவர் கிடைக்காது, ஆள்தான் கிடைப்பார். இங்கே எதிர்வாதம் செய்பவருக்குச் சட்டத்திலேயே ஒரு பிடி உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 44ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்தான தாக்குதலிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லாதபோது அப்பாவிக்கு ஆபத்து நேரும் வகையில் செயல்பட்டாலும் தற்காப்பு உரிமை பொருந்தும் என்கிறது. கும்பலோடு கலந்து நிற்கும் குழந்தைகளுக்குக் காயம்பட்டாலும் குற்றமில்லை என்று எடுத்துக்காட்டும் தருகிறது. சுட்டவரைச் சட்டம் மன்னிக்கலாம். குண்டுபட்ட குழந்தைக்கு அந்த மன்னிப்பு எதையும் திருப்பித் தராது. தவிர, அதே சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. சங்கிலியோடு ஓடுபவரின் முதுகில் சுட்டவர் நீதிமன்றத்தில் தற்காப்பு என்று நிறுவுவது மிகக் கடினம்.

யார் ஆயுதம் வைத்திருக்கிறார் என்று தெரியாததால் திருடன் எல்லோரையும் கண்டு அஞ்சுவான். ஆகவே மறைந்த துப்பாக்கி அதை வைத்திராதவரையும் காக்கும் என்பது வலுவான எதிர்வாதம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் லாட் 1998இல் இதை ஒரு முழு நூலாக எழுதினார். 2004இல் அந்நாட்டு தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் வல்லுநர்கள் சான்றுகளை ஆராய்ந்து, அவை எந்த முடிவையும் தாங்கவில்லை என்றார்கள். 2019இல் ஜான் டோனஹியூவும் உடன் ஆய்ந்தவர்களும், மறைத்து எடுத்துச்செல்வதைத் தளர்த்திய மாநிலங்களில் பத்தாண்டுக்குப் பின் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்ததாகக் கணக்கிட்டார்கள். விவாதம் அங்கே முடிந்துவிடவில்லை; நியூயார்க்கில் நம்மைப் போலவே தக்க காரணம் கேட்ட சட்டத்தை 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. ஆனால் அந்த வாதம் நமக்குப் பொருந்துமா? 2016 இறுதியில் நாட்டில் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் லைசென்ஸ்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 22,500. 2011 மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் அங்கே ஏறக்குறைய 156 பேருக்கு ஒன்று, இங்கே 3,200 பேருக்கு ஒன்று. அடையாற்றில் சங்கிலி பறிப்பவன் அஞ்சுவதற்கான கணக்கே இல்லை. அவனை அஞ்சவைக்கும் அளவுக்குத் துப்பாக்கிகள் பெருக வேண்டுமானால், அவற்றில் ஒரு பங்கு அவன் கைக்கும் போய்ச்சேரும். உஸ்மான் சாலை நகைக்கடை வாசலில் நிற்கும் காவலாளியின் நீளத் துப்பாக்கி, சுடாமலே எச்சரிக்கிறது. வெளியே தெரிவதால் அதற்குக் கிடைக்கும் அந்த ஆற்றல், இடுப்பில் ஒளித்ததற்குக் கிடையாது.

பெண்களின் பாதுகாப்புக்கென்று சொல்லப்படும் வாதத்துக்கும் நேராகவே பதில் சொல்ல வேண்டும். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பதிவுசெய்கிறது. உறவினர், அண்டை வீட்டார், வேலை கொடுப்பவர் ஆகியோருக்கு எதிராகக் கைப்பை ரிவால்வர் பயன்படும் சூழல் மிகக் குறைவு; அதே வீட்டில் அந்த ரிவால்வர் அவர்கள் கைக்கு எட்டும் சூழல் அதிகம். தெரிந்தவர் கையிலிருக்கும் கைத்துப்பாக்கி எவ்வளவு கிட்டத்தில் வரும் என்பதைத் தமிழகம் 1967 ஜனவரி 12 அன்று பார்த்தது. ராமாவரம் தோட்டத்துக்குப் பார்க்க வந்த எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அதே துப்பாக்கியால் ராதாவும் காயமடைந்தார். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நடித்த இருவர் பேசிக்கொண்டிருந்த அறை அது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல் பழையபடி திரும்பவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். மனம் உடைந்த ஒரு இரவில் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

வெள்ளையர் 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியரை அவமதித்தது, ஆகவே ஆயுதம் சுதந்திரத்தின் அடையாளம் என்பாரும் உண்டு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது உண்மை. அதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் எதிர்த்தார், சபை ஏற்கவில்லை. அடிமைத்தனத்தை அனுபவித்தவர்களே, சுதந்திர நாட்டில் அது ஒழுங்குக்குட்பட்ட அனுமதியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

இந்த அனுமதி உண்மையில் தேவைப்படுபவர்கள் சிலர் இருக்கிறார்கள்: கொலை வழக்கில் சாட்சி சொல்பவர், தங்கம் கொண்டுபோகும் தொழிலில் இருப்பவர், மிரட்டல் பதிவான வழக்கறிஞர். அவர்களுக்குக்கூடத் துப்பாக்கி கடைசித் துணைதான். வழியை மாற்றுவது, தனியே போகாமலிருப்பது, காவல் பாதுகாப்பு கேட்பது எல்லாம் அதற்கு முந்தியவை. ஆனால் அவர்களுடைய விண்ணப்பம் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடக்க நேர்ந்தால் அதை ஏற்க முடியாது. தக்க காரணம் இருக்கிறதா என்று கேட்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கும்போது, இல்லை என்று முடிவெடுத்ததற்கான காரணத்தை எழுத்தில் பதியும் கடமையும் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இருக்கிறது. விண்ணப்பதாரர் கேட்டால், பொதுநலன் தடுக்காதவரை, அந்தக் காரணத்தின் சுருக்கத்தைத் தர வேண்டும். 18ஆம் பிரிவின்கீழ் அவர் மேல்முறையீடும் செய்யலாம். அச்சிட்ட ஒற்றை வரியில் மறுப்பு அனுப்புவதை விட்டு, மிரட்டலை விசாரித்து என்ன தெரிந்தது, அதற்குக் காவல்துறை வேறு என்ன பாதுகாப்பு தரும் என்று அந்த உத்தரவில் எழுத வேண்டும்.