திரைவழித் தமிழ் வகுப்பில் மாணவர் பேச்சு

சிங்கப்பூர்ப் பள்ளிகள் 2020 ஏப்ரல் 8ஆம் நாள் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு முழுமையாக மாறின. வகுப்பறைகள் மீண்டும் திறந்த பின்னரும், உயர்நிலைப் பள்ளிகளில் வீட்டிலிருந்து கற்கும் நாள்கள் நிலைபெற்றுவிட்டன. எனவே, திரைவழி வகுப்பில் மாணவரின் ஈடுபாட்டை எவ்வாறு காப்பது என்னும் வினா இன்றும் நம்முன் நிற்கிறது.

தமிழாசிரியருக்கு இவ்வினா இன்னும் முக்கியமானது. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளை, தமிழ் பேசுவது பெரும்பாலும் தமிழ் வகுப்பில் மட்டுமே. முப்பது நிமிட வகுப்பில் 20 மாணவர் இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியர் 20 நிமிடம் பேசினால், எஞ்சிய நேரத்தில் ஒருவருக்கு அரை நிமிடமே கிட்டும். அந்தப் 10 நிமிடத்தில் நால்வர் கொண்ட ஐந்து குழுக்கள் ஒரே வேளையில் உரையாடினால், ஒவ்வொருவருக்கும் இரண்டரை நிமிடம் கிட்டும். குழுவில் பேசியதை ஒருவர் தொகுத்துரைத்தால், ஆசிரியரும் அதனை அறிந்துகொள்வார்.

அடுத்தது காத்திருத்தல். வினா எழுப்பிய ஆசிரியர் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருப்பதையும், அதனை மூன்று நொடியாக்கினால் விடைகள் நீள்வதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் எண்ணித் தமிழ்ச்சொல் தேடும் பிள்ளைக்கு ஒலிவாங்கியைத் திறக்கவே அவ்வளவு நேரம் செல்லும். அந்த அமைதியைக் கவனமின்மை எனக் கருதி நாமே விடை கூறிவிட்டால், தேடிய சொல் அப்பிள்ளையின் நாவுக்கு வாராமலே போகும்.

வகுப்பு முடிந்ததும், தமிழில் ஒரு முழு வாக்கியமேனும் பேசியவர் எவரெவர் எனக் குறித்துக்கொள்ளலாம். பேசாதவரிடமிருந்து அடுத்த வகுப்பைத் தொடங்கலாம்.