ஐம்பது வயது ரிக்கும் தாம்பரத்துக் காற்றும்

ஜப்பானின் யாயெசு நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் எஃப்டி-101 என்றொரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை சுமார் 15 கிலோ. முன்முகத்தில் பெரிய டயல், ஊசி ஆடும் மீட்டர், சுற்றிலும் குமிழ்கள். பேச்சை வாங்குவதும் அனுப்புவதும் ஒரே பெட்டிக்குள் நடப்பதால் இது டிரான்ஸீவர். உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக அலைபரப்பும் ஹாம் வானொலிக்காரர்களுக்கோ சுருக்கமாக 'ரிக்'. அந்தப் பத்தாண்டு முழுக்க பி, இ, எஃப் என்று இனிஷியல் மாற்றிக்கொண்டு இதன் வாரிசுகள் வந்துகொண்டே இருந்தன. இன்றைக்கும் பழைய ரிக் ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் அடிபடும் சில பெயர்களில் இதுவும் ஒன்று.

இதன் வேலை எளிமையானது. மைக்கில் பேசும் குரலை 3.18 மெகாஹெர்ட்ஸ் அலைமேல் ஏற்றி, படிகங்களால் ஆன வடிகட்டி வழியே அனுப்புகிறது. பேச்சு புரிவதற்குத் தேவையான 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் மட்டும் தப்பிப் பிழைக்கிறது. மிச்சம் அங்கேயே கழிக்கப்படுகிறது. பிறகு அதை 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஹாம் அலைவரிசைக்கு ஏற்றிப் பெருக்கி ஆன்டெனாவுக்குத் தள்ளுகிறது. கேட்கும்போது இதே பாதையில் எதிர்த்திசைப் பயணம். இவ்வளவையும் டிரான்சிஸ்டர்களே செய்துவிடும். கடைசியில் வலு சேர்க்கும் இடத்தில் மட்டும் மூன்று வால்வுகள்: ஒரு 12பிஒய்7ஏ, அதன் பின்னால் இரண்டு 6ஜேஎஸ்6சி. இந்த இரண்டுக்கும் சுமார் 600 வோல்ட் தேவை. வெளியே வருவது 100 வாட்டுக்கு மேல். 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், ஊருக்கே ஒலிபரப்பத் தொடங்கியது 40 வாட்டில்தான்.

இப்போது ஒரு விநோதம். முப்பது, நாற்பது வயது ரிக்கைவிட ஐம்பது வயது ரிக்கைப் பராமரிப்பது சுலபம். வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இதை நம்புவதில்லை. டிஜிட்டல் எண்கள் மின்னும் 1980களின் பெட்டியைத்தான் புதுசு என்று எடுக்கிறார்கள். அந்தத் தலைமுறையில் மைக்ரோபிராசஸர் வந்துவிட்டது. ஐகாமின் ஐசி-751இல் ரிக்கை இயக்கும் நிரலே ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு லித்தியம் பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் நிரலும் போச்சு, பெட்டியில் எல்லா உறுப்பும் நலமாக இருந்தும் ரிக் ஊமை. கென்வுட் டிஎஸ்-440எஸ்ஸில் வேறு கதை. அலைவெண்ணை உருவாக்கும் பகுதி அசையாமலிருக்க உள்ளே ஒரு பசையை ஊற்றியிருக்கிறார்கள். ஆண்டுகள் போகப்போக அந்தப் பசையே மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. ஒரு நாள் திரையில் எண்களுக்குப் பதில் வெறும் புள்ளிகள் தெரியும். பசையைச் சுரண்டி எடுப்பதுதான் வைத்தியம். பொறுமையும் நல்ல கண்பார்வையும் உள்ளவர்களுக்கே அது சரிப்படும்.

எஃப்டி-101இல் இப்படி ஒளிந்திருக்கும் எமன் இல்லை. சர்க்யூட் படம் கையேட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனி போர்டு. சாக்கெட்டிலிருந்து உருவி எடுக்கலாம். ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பழைய டிவி மெக்கானிக்கின் பொறுமையும் இருந்தால் பழுதைத் துரத்திப் பிடிக்கலாம். ரெசிஸ்டரும் கண்டென்சரும் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கின்றன.

கிடைக்காதது வால்வு. 6ஜேஎஸ்6சி ஹாம்களுக்காகப் பிறந்ததல்ல. கலர் டிவியின் படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றையை இடவலமாக இழுக்கப் பிறந்தது. டிவிக்காரர்கள் லட்சக்கணக்கில் வாங்கிய காலத்தில் விலை மலிவு, அதனால்தான் யாயெசு அதைத் தேர்ந்தெடுத்தது. டிவி டிரான்சிஸ்டருக்கு மாறியதும் தயாரிப்பு நின்றது. ரிக் அனாதையானது. பிறகு வந்த எஃப்டி-101இசட்டியில் நிறுவனமே 6146பி என்ற டிரான்ஸ்மிட்டர் வால்வுக்கு மாறிவிட்டது. பழைய பெட்டியிலும் சாக்கெட்டை மாற்றி 6146பியைப் பொருத்தியவர்கள் உண்டு. வாங்கும்போது மூடியைத் திறந்து எந்த வால்வு உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது, விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

அதற்கும் முன்னால் உரிமம். இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராபி சட்டக் காலம் தொட்டே, உரிமமின்றி இப்படியொரு கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2023இன் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது. மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைத்து உரிமம் தருகிறது. தென்சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, வானொலி அலைகளைக் கண்காணிக்கும், இந்தத் தேர்வையும் நடத்தும் மத்திய அரசு நிலையம் பெருங்குடியிலேயே இருக்கிறது. ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு உரிமத்துக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உச்ச வலு 50 வாட். அந்த உரிமத்தோடு எஃப்டி-101ஐ ஓட்டுபவர் குமிழை அடக்கியே வாசிக்க வேண்டும். ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் உண்டு, வலுவும் அதிகம்.

பழைய ரிக்குகள் பெரும்பாலும் கடைகளிலிருந்து வருவதில்லை. தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுக்கும்போது பரணிலிருந்து இறங்குகின்றன. குடும்பத்தாருக்கு அது என்னவென்று தெரியாது. ஆர்வத்தில் யாராவது பிளக்கைச் செருகிப் பார்ப்பார்கள். அதுதான் மிக ஆபத்தான நிமிடம். எஃப்டி-101இன் மின்மாற்றியை 100, 110, 117, 200, 220, 234 வோல்ட் என்று எதற்கு வேண்டுமானாலும் இணைக்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் அது 117இல் நிற்கும். நம் வீட்டு 230ஐக் கொடுத்தால் புகைதான்.

அடுத்து, கண்டென்சர்கள். எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதுதான். வருடக்கணக்கில் வோல்டேஜ் படாமல் கிடந்தால் படலம் நலியும். திடீரென்று முழு வோல்டேஜ் வந்தால் கசிந்து, சூடேறி, சில சமயம் வெடிக்கும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருந்த உபாயம் சீரிஸ் பல்பு: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ரிக்கோடு தொடராக இணைப்பது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். மங்கலாக எரிந்தால் மேலே போகலாம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்திருப்பவர்கள் 50 வோல்ட்டில் தொடங்கி மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றுவார்கள். அந்தப் பல்பைக் கழற்றும் அவசரம் மட்டும் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் 600 வோல்ட் கண்டென்சரில் தேங்கி நிற்கும். அதை ரெசிஸ்டர் வழியே இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். இதில் தைரியசாலிகளுக்கு இடமில்லை.

சென்னைக்கென்று தனிப் பிரச்சினைகள் உண்டு. கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் உலரும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்கு. மே மாதம் ஓட்டு வீட்டு மாடியறையில் கிடக்கும் ரிக், ஓடாமலேயே வயதாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். தாம்பரத்திலிருந்து கிழக்கே மேடவாக்கம் தாண்டிப் போகப்போகக் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். போர்டுகளின் செப்பு விளிம்பும் ரிலேயின் தொடுமுனையும் கறுக்கும். அறிகுறிகள் தெளிவானவை: கேட்பது விட்டுவிட்டு வரும், பேசி முடித்துப் பட்டனை விட்டால் ஒலி திரும்பாது, பெட்டியில் ஒரு தட்டு தட்டினால் வரும். தட்டுவது வைத்தியமில்லை. போர்டை உருவி, விளிம்பை அழிப்பானால் லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் துடைப்பில் முடிக்க வேண்டும். ரிலேக்கு உப்புத்தாள் ஆகவே ஆகாது. கிளீனரில் நனைத்த காகிதத் துண்டை முனைகளுக்கிடையே வைத்து இழுத்தால் போதும்.

பல்லியையும் சொல்ல வேண்டும். வால்வு இருக்கும் கூண்டு இதமான சூடு. காற்றுக்கு விட்ட துளை அதற்கு வாசல். 600 வோல்ட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு பல்லி படுத்தால் பல்லியும் போகும், ரிக்கும் போகும். துளைக்குப் பின்னால் நைலான் கொசுவலைத் துண்டை ஒட்டக்கூடாது, சூட்டில் உருகும். மெல்லிய உலோக வலை வேண்டும்.

இவ்வளவுக்கும் மலிவான மருந்து ஒன்றுதான். வாரம் ஒருமுறையாவது ரிக்கை ஓடவிடுவது. உட்சூடு ஈரத்தை விரட்டுகிறது, கண்டென்சர் படலம் புதுப்பிக்கப்படுகிறது, பேண்டு சுவிட்சைக் கடைசிவரை சுழற்றினால் தொடுமுனைகள் தம்மைத்தாமே தேய்த்துக்கொள்கின்றன. பாலிதீன் உறையில் கட்டி அலமாரியில் பாதுகாக்கப்பட்ட ரிக்குகள்தான் அதிகம் செத்திருக்கின்றன.

ஓட்டுவதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். புது ரிக்கில் பட்டனை அழுத்தினால் போதும். இதில் ஒவ்வொரு முறை அலைவரிசை மாற்றும்போதும் 'ட்யூன்' செய்ய வேண்டும். பிளேட் குமிழைத் திருப்பினால் மீட்டர் ஊசி ஓரிடத்தில் சட்டென்று கீழே குதிக்கும்; அதுதான் டிப். அங்கே நிறுத்தி, லோடிங் குமிழைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி டிப். இதைப் பத்து நொடிக்குள் முடிக்க வேண்டும். நீட்டினால் வால்வின் பிளேட் செவ்வொளி வீசத் தொடங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வால்வின் ஆயுளை அதுதான் தின்கிறது. பழகும்வரை ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடில் பழகுவது வால்வுக்கும் அக்கம்பக்கத்து ஹாம்களுக்கும் நல்லது. பேசாமல் ஓய்வாக இருக்கும்போது இரட்டை வால்வு இழுக்க வேண்டிய மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியர். வால்வு மாற்றினால் அதையும் சரிபார்த்து, நியூட்ரலைசேஷனும் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெருக்கி தன்பாட்டுக்கு ஊளையிடும்.

ஆன்டெனாவுக்கு இடம் வேண்டாமா? 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் ஏறத்தாழ 66 அடிக் கம்பி. 40-க்கு 60 என்ற ஒரு கிரவுண்டு மனையில் நேராகக் கட்ட முடியாது. மூலைக்கு மூலை கட்டினால் 72 அடி கிடைக்கிறது, ஜோராக உட்காரும். அரை கிரவுண்டு, 30-க்கு 40 என்றால் மூலைவிட்டமே 50 அடிதான். அங்கே நடுவில் ஒரு கம்பம் நட்டு, கம்பியின் இரு கைகளையும் சாய்த்துத் தலைகீழ் வி-யாகக் கட்டுவார்கள். இரு கைகளுக்கும் நடுவில் 90 டிகிரி வைத்தால் 47 அடிக்குள் அடங்கிவிடும். இவ்வளவு தாழ்வான கம்பி அலையைப் பெரும்பாலும் நேர் மேலே வீசும். அது குறையல்ல. அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி விழுவதால் காலை வேளையில் பெங்களூரும் கோவையும் ஹைதராபாத்தும் தெளிவாகக் கேட்கும். அடுக்குமாடிக்காரர்களுக்கு மொட்டைமாடி சங்கத்தின் கையில். அந்தப் பேச்சுவார்த்தைக்கு எந்தக் கையேடும் கிடையாது.

கம்பி கட்டியானதும் காத்திருக்கும் ஏமாற்றம், இரைச்சல். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்ட், கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்கம்பியை உரசிப் போகும் ரயில் என எல்லாம் குறுஅலையில் கரகரக்கின்றன. எஃப்டி-101 வடிவமைக்கப்பட்டபோது இவற்றில் பாதி பிறக்கவில்லை. ஆகவே கேட்கவில்லை என்றதும் ரிக்கைத் திறக்காதீர்கள். வீட்டு மெயினை அணைத்து, ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, எந்த சுவிட்சைப் போடும்போது இரைச்சல் ஏறுகிறது என்று பார்ப்பது முதல் வேலை. இந்த ரிக்கில் 12 வோல்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. முன்பக்கத்து ஹீட்டர் சுவிட்சை அணைத்தால் வால்வுகள் தூங்கும், டிரான்சிஸ்டர் பகுதி மட்டும் சொற்ப மின்சாரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். தெரு முழுக்க மின்வெட்டு என்றால் ஹாம்களுக்குக் கொண்டாட்டம். இடி முழங்கும்போது மட்டும் இந்த ஆசை வேண்டாம். ஆன்டெனா வயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். ரிக்கின் முகப்பு டிரான்சிஸ்டருக்குப் பக்கத்து ஏரியாவில் விழும் மின்னலே போதும்.

கடைசியாக, வெள்ளம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, மொபைல் கோபுரங்கள் மின்சாரமில்லாமல் அடங்கின. ஹாம் வானொலி பற்றிப் பேசும்போதெல்லாம் இது வரும். பழைய ரிக் வைத்திருப்பவர்களும் அந்த நாளுக்காகவே வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அனுப்பும் நேரத்தில் எஃப்டி-101 12 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் கேட்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே சீக்கிரம் காலி செய்துவிடும். 15 கிலோவைத் தலையில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் யார் நடப்பார்கள்? அதற்கு வேறு பெட்டி இருக்கிறது. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2003 வாக்கில் வடிவமைத்த பிட்எக்ஸ், வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய சின்ன டிரான்ஸீவர். சில வாட்டுகள்தான், ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடும், 7 மெகாஹெர்ட்ஸில் பக்கத்து மாநிலத்துக்கு அது தாராளம். இந்தியாவில் ஃபெரைட் வளையம் கிடைப்பது கஷ்டம் என்று முதல் வடிவத்தில் சுருள்களை நைலான் குழாய் வாஷரில் சுற்றச் சொல்லியிருந்தார். வாஷர் உடைந்தால் மேற்குத் தாம்பரத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.