மூன்று தோல்விகளுக்குப் பின் ஒரு திங்கட்கிழமை



தேர்வில் தோற்ற பிள்ளையிடமும், வேலை கிடைக்காத இளைஞரிடமும் "மனம் தளராதே, முயற்சி செய்" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். சொல்வது எளிது. ஆனால் மும்முறை முயன்று, மும்முறையும் வாசற்படிவரை வந்து வெறுங்கையோடு திரும்பியவரிடம் என்ன சொல்வோம்? குரோவேசியா நாட்டு டென்னிஸ் வீரர் கோரான் இவானிசெவிச்சின் வாழ்வை இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

1971-ஆம் ஆண்டு ஸ்பிளிட் என்னும் கடற்கரை நகரில் பிறந்தவர் அவர். இடக்கையால் அவர் போடும் சர்வீஸைக் கண்டு அஞ்சாதவர் இல்லை. 1992-இல் விம்பிள்டன் இறுதிப்போட்டியில் அகாஸியிடம் ஐந்து செட்களில் தோற்றார். 1994-இல் சாம்ப்ராஸிடம் தோற்றார். 1998-இல் மீண்டும் சாம்ப்ராஸிடம், மீண்டும் ஐந்து செட்களில் தோற்றார்.

அதன்பின் தோள் வலி வந்தது; தரவரிசை சரிந்தது. அவருடைய கோபமும் ஊரறிந்தது. 2000-ஆம் ஆண்டு பிரைட்டனில் நடந்த ஒரு போட்டியில் கொண்டுவந்த மட்டைகளையெல்லாம் உடைத்துவிட்டு, ஆட மட்டையில்லாமல் வெளியேறினார்! 2001-இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியின் தகுதிச் சுற்றையே அவரால் தாண்ட முடியவில்லை. எனவே இவரைப் பொறுமையின் சிகரமாக நாம் காட்டப்போவதில்லை. தமக்குள் நல்ல கோரான், கெட்ட கோரான், ஆபத்துக்கு உதவும் கோரான் என மூவர் இருப்பதாக அவரே வேடிக்கையாகச் சொல்வார். நமக்குள்ளும் இந்த மூவர் இருக்கிறார்கள் அல்லவா?

2001-இல் அவர் உலகத் தரவரிசையில் 125-ஆம் இடத்தில் இருந்தார். அந்த இடத்தில் இருப்பவருக்கு விம்பிள்டன் முதன்மைச் சுற்றில் நேரடியாக இடம் கிடைக்காது. ஆனால் தரவரிசையைப் பாராமல் தாங்கள் விரும்பும் சிலருக்கு இடம் தரும் உரிமை போட்டி நடத்துவோருக்கு உண்டு. அதற்கு 'வைல்டு கார்டு' என்று பெயர். பழைய சாதனைகளை எண்ணி அவருக்கு அதைக் கொடுத்தார்கள். இங்கே சற்று நிற்போம். விடாமுயற்சி பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான். உரிமை இல்லாத ஒருவருக்குக் கதவு திறக்கப்பட்டது. உழைத்தது அவர்தான், ஆனால் உழைப்பதற்கான இடம் கொடையாகக் கிடைத்தது. திருச்சபை இத்தகைய கொடையை 'அருள்' என்ற சொல்லால் குறிக்கும்.

மோயா, ரோடிக், ருசெட்ஸ்கி, சாஃபின் என ஒவ்வொருவராக வென்று அரையிறுதிக்கு வந்தார். எதிரே இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை டிம் ஹென்மன். மூன்றாவது செட்டை ஹென்மன் 6-0 என்று வாரிக்கொண்டு போனார். அப்போது மழை வந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கிய அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது, வென்றவர் இவானிசெவிச். மழையைக் கடவுளே அனுப்பினார் என்று அவர் பின்னர் சொன்னார். அவருடைய மகிழ்ச்சி நமக்குப் புரிகிறது. ஆயினும், ஹென்மனுக்காக வேண்டிக்கொண்டவர்களின் கடவுளும் அவர்தானே!

மழையால் தள்ளிப்போன இறுதிப்போட்டி ஜூலை 9, திங்கட்கிழமை நடந்தது. எதிரே ஆஸ்திரேலியாவின் பாட்ரிக் ராஃப்டர். ஐந்தாம் செட்டில் அந்நாளில் டைபிரேக் கிடையாது. இரண்டு கேம்கள் முந்தும்வரை ஆடியே ஆகவேண்டும். 8-7 என்ற நிலையில் இவானிசெவிச் சர்வீஸ் போட வந்தார். ஒரு புள்ளி எடுத்தால் பட்டம். கை நடுங்கியது, இரண்டு சர்வீஸும் தவறின. மறுபடி வாய்ப்பு வந்தது; மறுபடியும் இரட்டைத் தவறு! மூன்றாவது வாய்ப்பில் ராஃப்டர் பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கியடித்துத் தப்பித்தார். மூன்று இறுதிப்போட்டிகளில் நேர்ந்தது இப்போது சில நிமிடங்களுக்குள் மறுபடி நேர்ந்தது. நான்காவது முறை ராஃப்டர் அடித்த பந்து வலையில் விழுந்தது. 6-3, 3-6, 6-3, 2-6, 9-7.

வைல்டு கார்டு பெற்று விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் வீரர் அவரே. பார்வையாளர் பகுதிக்கு ஏறிச் சென்று தம் தந்தையைக் கட்டிக்கொண்டார். ஸ்பிளிட் நகரில் பெருங்கூட்டம் வரவேற்றபோது, 1993-இல் விபத்தில் இறந்த தம் நண்பரும் கூடைப்பந்து வீரருமான டிராசென் பெட்ரோவிச்சின் சட்டையை அணிந்திருந்தார்.

மறு ஆண்டு, தோள் அறுவைச் சிகிச்சையால் பட்டத்தைக் காக்க அவரால் வர இயலவில்லை. 2004-இல் அதே விம்பிள்டன் புல்தரையில் தம் கடைசி ஒற்றையர் ஆட்டத்தை ஆடி விடைபெற்றார்.

ராஃப்டரையும் நாம் மறக்க வேண்டாம். அவர் 2000-ஆம் ஆண்டு இறுதியிலும் சாம்ப்ராஸிடம் தோற்றவர். அவரும் தோள் வலியோடு போராடியவர்தான். மறுபடி முயன்று வந்தவர்தான். 2001-க்குப் பின் அவர் விம்பிள்டனில் ஒற்றையர் ஆட்டம் ஆடவேயில்லை.