3.3-ம் 5-ம் (9): நல்ல சப்ளை செய்த கெடுதல்

3.3 வோல்ட் சிப்பின் காலில் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று போன வாரம் பார்த்தோம். படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மாஸ்ஃபெட்டை வைத்து இருவழி லெவல் ஷிஃப்டர் கட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு சீரியல் லைட் குறுக்கே வந்துவிட்டது.

நண்பர் ஒருவர் கோயில் திருவிழாவுக்கு டபிள்யூஎஸ்2812பி பிக்சல் எல்இடி சரம் கோத்தார். ஓட்டுவது ஈஎஸ்பி32 போர்டு. வீட்டில் போன் சார்ஜரில் அருமையாக ஓடியது. பந்தலில் கனமான 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் கண்டபடி நிறம் மாறி மினுக்கியது. வேறொரு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினார். அதே ஆட்டம்.

சப்ளை நன்றாக இருந்ததுதான் கோளாறு!

உள்ளே வரும் சிக்னலை 'ஹை' என்று ஏற்க, அந்த எல்இடி தன் சப்ளையில் 0.7 பங்காவது கேட்கும். டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. 5 வோல்ட் கிடைத்தால் 3.5. ஈஎஸ்பி32 தருவதோ 3.3. சார்ஜரின் நோஞ்சான் கேபிளில் வோல்டேஜ் விழுந்து, சரத்துக்குப் போனது 4.6தான். அதில் 0.7 பங்கு 3.22. தாண்டிவிட்டது! 3.5-க்குக் கீழே ஓடவே ஓடாது என்றில்லை, உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் ஒரு சரம் ஓடும், பக்கத்துச் சரம் சொதப்பும்.

1960-களின் டிடிஎல் சிப்புகளுக்கு இந்தப் பங்குக் கணக்கு இல்லை. 2 வோல்ட் வந்தால் 'ஹை'. சிமாஸ் உடம்பில் அந்தப் பழைய அளவுகோலைப் பொருத்தியதுதான் 74எச்சிடி வரிசை. நம் சரத்துக்கு 74எச்சிடி125 போதும். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று 74எச்சி125 எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். 5 வோல்ட்டில் அதுவும் 3.5 கேட்கிற ஜாதி.

சாமி புறப்படும் நேரத்தில் சிப்புக்கு எங்கே போவது? முதல் எல்இடிக்குப் போகும் சப்ளையில் மட்டும் ஒரு 1என்4001 டயோடைச் சேர்த்தோம். 0.7 வோல்ட் விழுந்து 4.3 ஆனது, அது கேட்பது இப்போது 3.01. ஈஎஸ்பி32 தாராளமாகத் தாண்டுகிறது. முதல் எல்இடி அந்த சிக்னலை 4.3 உயரத்தில் இரண்டாவதற்குத் தள்ளுகிறது, அதற்கு வேண்டியது 3.5. லெவல் ஷிஃப்டர் வாங்கவே இல்லை. ஒரு விளக்கே அந்த வேலையைச் செய்தது. இந்த வாரம் முழுக்க எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டேட்டா வயரில் மல்டிமீட்டர் வைத்து ஏமாறாதீர்கள். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடிதான்; மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அங்கே ஆசிலோஸ்கோப் வேண்டும். மீட்டரை எல்இடியின் சப்ளைக் காலில் வையுங்கள், சரம் முழுக்க எரியும்போது.

மாஸ்ஃபெட் அடுத்த வாரம். பிஎஸ்எஸ்138 வாங்கி வையுங்கள். கையிருப்பில் இருக்கிறதே என்று ஐஆர்எஃப்540-ஐ எடுக்காதீர்கள்; அது திறக்கத் தொடங்கவே 4 வோல்ட் வரை கேட்கும்.